தலைசாய்க்க ஓர் இடம்: மும்பை மாநகரின் குடியிருப்பு வரலாறு

தோற்றுவாய்

பல மொழி பேசும் மக்கள் ஒருங்கு கலந்து வாழ்தலை ஒரு பட்டினத்தின் பெருமையாகக் கூறுவது தமிழுக்குப் புதிதன்று. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகார் நகரில் பிறநாட்டு மக்கள் உள்ளூராரோடு கலந்து உறைந்த காட்சியைச் சிறப்பித்துப் பாடுகின்றன. எந்தத் தொழிலோர் எந்த வீதியில் வாழ்ந்தனர் என்பதையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். ஆயின் அவ்விடத்தைப் பெறுவதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்னும் வினாவுக்கு அந்நூல்கள் விடை கூறவில்லை. இலக்கியத்திற்கு அது பாடுபொருளும் அன்று.

இக்கால மாநகரங்களைப் பற்றிப் பேசுவோரும் அவற்றின் பன்மையை ஒருபுறம் போற்றுவர். வாடகையையும் விலைவாசியையும் மறுபுறம் நொந்துகொள்வர். இரண்டும் தொடர்பற்ற செய்திகள் போலத் தோன்றும். இந்தியப் பெருநகரங்களுள் இவ்விரண்டுக்கும் பெயர்பெற்ற மும்பையின் வரலாற்றை நோக்கின், இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். வேலை செய்ய ஆள் வேண்டும் என்று அந்நகரம் எக்காலத்தும் அழைத்தது. வந்தவர் தங்க இடம் தர எக்காலத்தும் மறந்தது. அவ்விடைவெளியை மக்கள் தம் ஊராலும் மொழியாலும் சாதியாலும் சமயத்தாலும் நிரப்பிக்கொண்டனர். மும்பையின் பன்மை இவ்வாறே உருவாயிற்று. அதனுள் எழுந்த பூசல்களுக்கும் அதே இடநெருக்கடியே களமாயிற்று.

மாநகரே குத்தகைக்கு வந்த கதை

மும்பையின் தொன்மையான குடிகள் கோலி மீனவர். அவர்தம் தெய்வமாகிய மும்பாதேவியின் பெயரே நகருக்கும் ஆயிற்று. 1534இல் குசராத்துச் சுல்தான் இத்தீவுகளைப் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். 1661இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் போர்த்துகீசிய இளவரசி காதரீனுக்கும் நிகழ்ந்த திருமண உடன்படிக்கையின் வழி அவை ஆங்கிலேயர் உரிமையாயின. சேறும் காய்ச்சலும் நிறைந்த அத்தீவுகளை வைத்துக்கொள்ள விரும்பாத மன்னர், 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு என்னும் சிறு தொகைக்கு அவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இன்று ஓர் அறையின் வாடகைக்காக மாந்தர் தம் ஊதியத்தில் பெரும்பகுதியை இழக்கும் மாநகரம், ஒருகாலத்தில் தானே அற்பக் குத்தகைக்கு விடப்பட்டது என்பது வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று.

தீவு கைக்கு வந்தது, ஆள் இல்லை. 1669 முதல் 1677 வரை ஆளுநராக இருந்த செரால்டு ஆஞ்சியர், வணிகரையும் கைவினைஞரையும் வரவழைப்பதைத் தம் முதற்கடமையாகக் கொண்டார். அவரவர் சமயத்தை அவரவர் பின்பற்றலாம் என்னும் உறுதியையும், சமூகந்தோறும் பஞ்சாயத்து அமைத்துக்கொள்ளும் உரிமையையும் அளித்தார். குசராத்தி பனியாக்களும் பார்சிகளும் ஆர்மீனியரும் வந்தனர். பார்சிகளின் முதல் அமைதிக் கோபுரம் மலபார்க் குன்றில் 1670களில் எழுந்தது. 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்சி நசர்வான்சி வாடியாவின் குடும்பம் கப்பல் கட்டும் தொழிலில் தலைமுறைகளாகப் புகழ்பெற்றது. கம்பெனியின் சமயப் பொறைக்குப் பின்னின்றது வணிகத் தேவையே. எனினும், வந்தவர் தத்தம் கோவிலோடும் பஞ்சாயத்தோடும் தனித்தனிக் குடியாக வாழலாம் என்னும் அமைப்பு அப்போதே வேரூன்றிவிட்டது. பிற்கால மும்பை இந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததேயாகும்.

இடப்பற்றாக்குறையும் அப்போதே தொடங்கியது. தீவுகளுக்கிடையே கடல் புகுந்த தாழ்நிலங்களைத் தூர்த்து நிலமாக்கும் பணி பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இடையறாது நடந்தது. மாகிம் தீவைப் பாந்திராவோடு இணைக்கும் பாலம், அவாபாய் சீசீபாய் அம்மையாரின் பொருளுதவியால் 1845இல் திறக்கப்பெற்றது. ஏழு தீவுகள் ஒரு தீவாயின. ஆயினும் மூன்று புறமும் கடல் சூழ்ந்த அந்நீள்குறுகிய நிலத்தின் அகலம் மனித முயற்சிக்கு ஓரளவே இணங்கியது.

ஆலையும் அறையும்

1853ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் தொலைவு இருப்புப்பாதையில் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டில் காவசுசி தாவர் என்னும் பார்சி வணிகர் முதல் பருத்தி ஆலைக்கு அடிகோலினார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பருத்தி செல்வது தடைப்பட, இந்தியப் பருத்தியின் விலை ஏறிப் பம்பாயில் செல்வம் குவிந்தது. போர் முடிந்ததும் நில மீட்புக் கம்பெனிகளின் பங்குகள் சரிந்து பலர் ஓட்டாண்டிகளாயினர். ஆயினும் ஆலைகள் பெருகின. நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை எண்பதை எட்டியது. பரேல், லால்பாக், வோர்லி வட்டாரம் 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், என்றே பெயர்பெற்றது.

இரத்தினகிரியின் வறண்ட கொங்கணக் கரையிலிருந்தும் சத்தாராவிலிருந்தும் உழவர் வந்தனர். வடநாட்டிலிருந்து இசுலாமிய நெசவாளரும் தெலுங்குநாட்டிலிருந்து பத்மசாலியரும் வந்தனர். இவர்கள் தங்கிய கட்டடங்கள் 'சால்' எனப்பட்டன. மூன்று அல்லது நான்கு மாடி; மாடிதோறும் நீண்ட தாழ்வாரம்; தாழ்வாரத்தை நோக்கி வரிசையாக ஒற்றை அறைகள்; தாழ்வாரத்தின் கடைசியில் பொதுக் குழாயும் கழிப்பிடமும். ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்வது வசதியான நிலை. ஒரே ஊரைச் சேர்ந்த ஆடவர் பலர் ஓர் அறையை எடுத்து, பகல்முறைக்குச் செல்வோர் எழுந்த இடத்தில் இரவுமுறை முடித்து வந்தோர் படுப்பதும் உண்டு.

இத்தகைய வாழ்வுக்குத் துணைநின்ற அமைப்புகள் பல. குடும்பத்தை ஊரில் விட்டுவந்த தொழிலாளருக்கு மாதக் கணக்கில் உணவளித்த 'கானாவள்'களைப் பெரும்பாலும் பெண்களே தம் அடுக்களையில் நடத்தினர். ஆலையூரின் பொருளாதாரத்தில் இப்பெண்களின் உழைப்பு கணக்கில் வராமலே இருந்தது. 1975இல் பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகளிர் மண்டலம் இவர்களை ஒன்றுசேர்த்து வங்கிக் கடன் பெறச் செய்தது. கோவாவிலிருந்து கப்பல் வேலைக்கு வந்த கிறித்தவர், தோபித்தலாவ் பகுதியில் ஊருக்கு ஒன்றாக 'கூட்' என்னும் தங்குமனைகளை அமைத்தனர். அங்குப் பெட்டி வைக்கவும் பாய் விரிக்கவும் ஊர்க்காரர் என்னும் தகுதியே போதியதாயிருந்தது. 1890 அளவில் தோன்றிய டப்பாவாலாக்களின் தொழிலும் இப்பின்னணியில் கருதத்தக்கது. வீடு தொலைவு, உணவுமுறையோ சமூகந்தோறும் வேறு. ஆகவே அவரவர் வீட்டுச் சோறு அவரவர் பணியிடத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

ஆலைக்குள் எல்லாரும் ஒருங்கு நின்றனர் எனினும் எல்லாரும் ஒப்ப நின்றனர் எனக் கருதலாகாது. நெசவுப் பிரிவில் தறிநாடாவின் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. அதைக் காரணங்காட்டி, மிகுந்த ஊதியம் தரும் அப்பிரிவில் தாழ்த்தப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதனைக் கண்டித்துக் குரல் எழுப்பினார். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் பயின்று திரும்பிய அப்பெருமகனார், பரேலில் தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட சாலின் சிற்றறைகளில் பல்லாண்டு வாழ்ந்தவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. 1930களில் தாதர் இந்துக் காலனியில் அவர் எழுப்பிய 'இராசகிருகம்' என்னும் இல்லத்தில் நூல்களுக்குத் தனி இடம் அமைந்தது.

1896இல் மாண்ட்வியில் தோன்றிய கொள்ளைநோய் நகரின் இடநெருக்கடியை ஆட்சியாளர்க்கு உணர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பன்மடங்கினர் ஊர் திரும்பினர், ஆலைகள் ஆளின்றித் தவித்தன. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பெற்றது. அது நெருக்கமான பகுதிகளை இடித்து அகலச் சாலைகளை அமைத்தது; ஆனால் இடிபட்ட வீடுகளுக்கு ஈடாகக் கட்டிய வீடுகள் தொடக்கத்தில் மிகச் சில. வெளியேற்றப்பட்டோர் அண்டைப் பகுதிகளில் நெருக்கியடித்துக் குடிபுகுந்தனர். 1920இல் அரசு தொடங்கிய வளர்ச்சித் துறை 50,000 அறைகள் கட்டத் திட்டமிட்டு, வோர்லி, நாய்காவ், தெலால் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால்களில் ஏறத்தாழ 16,500 அறைகளோடு நிறுத்திக்கொண்டது. அவற்றிலும் பல, வாடகை கட்டுபடியாகாமையால் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. ஒருபுறம் காலி அறை, மறுபுறம் தெருவில் மக்கள் என்னும் முரண் மும்பையில் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

மாதுங்காவும் தாராவியும்

இம்மாநகரின் இடவரலாற்றில் தமிழர்க்கு இரு வாயில்கள் இருந்தன. இரண்டும் ஒன்றற்கொன்று அணித்தே அமைந்தவை, இருப்புப்பாதை இடையிட்டவை.

முதலாவது மாதுங்கா. மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்–மாதுங்கா திட்டப் பகுதியில், அகன்ற தெருக்களும் மரநிழலும் கொண்ட குடியிருப்புகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தன. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, இரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணி பெற்றுவந்த தென்னிந்தியர், குறிப்பாகத் தமிழ்ப் பார்ப்பனர், அங்குக் குடியமர்ந்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. 1952இல் சண்முகானந்த சபை உருவாயிற்று. கோவில், சபை, பள்ளி, பூக்கடை, உணவுவிடுதி என ஒரு தென்னாட்டு ஊரே அங்கு எழுந்தது.

இரண்டாவது தாராவி. கோலி மீனவரின் சிற்றூராயிருந்த அது, மாகிம் சிற்றோடையை ஒட்டிய சதுப்பு நிலம். நகருக்குள் வேண்டாதவை எனத் தள்ளப்பட்ட தொழில்கள் அங்கு ஒதுக்கப்பட்டன. பாந்திரா இறைச்சிக்கூடத்தின் தோல்களைப் பதனிடும் தொட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு அமைந்தன. அத்தொழிலில் திருநெல்வேலிச் சீமையின் இசுலாமியர் முதன்மை பெற்றனர். அவர்களைப் பின்தொடர்ந்து அச்சீமையின் ஆதிதிராவிடரும் நாடாரும் பிறரும் வந்தனர். சௌராட்டிரத்துக் குயவர் 'கும்பார்வாடா'வை அமைத்தனர். கிடைத்த கல்லையும் மண்ணையும் குப்பையையும் கொட்டிச் சதுப்பை நிலமாக்கியவர் அங்கு வாழ்ந்த மக்களே. தாராவி என்னும் நிலம் அவர்தம் கையால் விளைந்த பொருள் என்பது மிகையாகாது. பின்னாளில் அந்நிலத்தின் விலை ஏறியபோது, அதனை ஆக்கிய உழைப்பை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை.

1987இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்தின் வழியாகவே தமிழ்நாட்டார் பலர் தாராவியை அறிந்தனர். ஆயின் தாராவியின் வரலாறு தாதாக்களின் வரலாறு அன்று. தோல்தொட்டியில் நின்றவர், விடியுமுன் இட்டலி அவித்து மிதிவண்டியில் மாநகரெங்கும் கொண்டுசென்று விற்றவர், நகராட்சியில் துப்புரவுப் பணி செய்தவர், தையற்கூடங்களில் குனிந்த தலை நிமிராதவர் ஆகியோரின் வரலாறே அது. இரண்டு சதுர கிலோமீட்டர்க்குச் சற்று மிகுந்த பரப்பில் தமிழும் மராத்தியும் குசராத்தியும் இந்தியும் உருதும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. மும்பை நகராட்சி ஆங்கிலம் உள்ளிட்ட எட்டு மொழிகளில் தொடக்கப் பள்ளிகளை நடத்தியமைக்கும், அவற்றுள் தமிழும் ஒன்றானமைக்கும் இத்தகைய குடியேற்றமே காரணம்.

மாதுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் ஒரே மொழியினர். ஒரே நெரிசல் வண்டியில் பயணம் செய்தவர். எனினும் ஒருவர் இல்லத்துக்கு மற்றவர் செல்வது அரிதாகவே இருந்தது. ஊரில் இருந்த தெருப்பிரிவினையே பம்பாயில் தண்டவாளத்தின் இருமருங்கும் வடிவெடுத்தது எனலாம். இடம் தேடுவோர்க்குச் சாதியும் ஊரும் கைகொடுத்தன. கைகொடுத்த அவையே அவர்களை வெவ்வேறு இடங்களில் பிரித்தும் வைத்தன. நாஞ்சில் நாடனின் 'மிதவை' போன்ற புதினங்கள் வேலை தேடிப் பம்பாய் சென்ற தமிழ் இளைஞரின் இருப்பின்மையைப் பதிவு செய்துள்ளன. தோல்தொட்டித் தொழிலாளியின் முழுமையான வரலாறோ இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

உறைந்துபோன வாடகை

மும்பை வாழ்வைக் கட்டுப்படுத்திய சட்டங்களுள் 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தலையாயது. போர்க்கால விலையேற்றத்தில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திக் குடியிருப்போரை வெளியேற்றாவண்ணம், 1940 செப்டம்பரில் இருந்த அளவிலேயே வாடகை நிறுத்தப்பட்டது. இச்சட்டம் இல்லையேல் ஆலைத் தொழிலாளரும் எழுத்தரும் நகரின் நடுப்பகுதியில் வாழ்ந்திருக்கவே இயலாது. அந்த அளவில் அது ஏழைகளின் காவலாயிற்று.

ஆயின் ஆண்டுகள் சென்றும் வாடகை அசையவில்லை. வீட்டுக்காரர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். புதிதாக வாடகை வீடு கட்டுவோரும் அருகினர். வாடகைக்கு மாறாக 'பகடி' என்னும் முன்பணம் தலைதூக்கியது. சில ரூபாய் மாதவாடகை உள்ள அறைக்குள் நுழையப் பெருந்தொகை கொடுக்க வேண்டும். அறையைக் கைமாற்றும்போது அதில் ஒரு பங்கு வீட்டுக்காரர்க்குச் செல்லும். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்க்குச் சட்டம் காவல் செய்தது. வெளியே நின்றவர்க்குக் கதவை மேலும் இறுக அடைத்தது. மழைக்காலந்தோறும் பழங்கட்டடங்கள் இடிந்து உயிர்கள் மாய்ந்தமையால், 1969இல் பழுதுபார்ப்பு வாரியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டுச் சிறப்புவரி தண்டப்பட்டது. அவ்வரிக்கு உட்பட்ட கட்டடங்கள் 19,000க்கும் மேற்பட்டவை. 1999ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைச் சட்டம் பகடி முறையை ஏற்றுக்கொண்டது.

வாடகை வீடு அருகிய நிலையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் வளர்ந்தன. 1915இல் காம்தேவியில் சாரசுவதர் அமைத்த சங்கம் இவற்றுக்கு முன்னோடி. தம் சமூகத்தார்க்கு மலிவான நல்வீடு என்பது உயர்ந்த நோக்கமே. ஆனால் தம்மவர்க்கு மட்டும் என்னும் விதி, பிறர்க்கு இல்லை என்றும் பொருள்படும். குசராத்தின் பார்சிக் கூட்டுறவுச் சங்கமொன்றின் வழக்கில், உறுப்பினரைத் தம் சமூகத்தாராகவே வரையறுக்கும் துணைவிதி செல்லும் என 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்பதும், புலால் உண்பவரா என வினவி மறுப்பதும் மும்பையில் வீடு தேடுவோர் பலர் அறிந்த செய்திகள். தெருவிலும் வண்டியிலும் கலந்து நிற்கும் மாநகரம் படிக்கட்டில் ஏறும்போது பிரிந்துவிடுகிறது.

அயலார் யார்?

மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் பம்பாய் யாருக்கு என்னும் வினா எழுந்தது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் நகரில் பாதிக்கும் குறைவாயிருந்தனர்; மூலதனம் பெரிதும் குசராத்தியரிடமும் பார்சிகளிடமும் இருந்தது. 1956இல் பம்பாயை நடுவண் ஆட்சிப் பகுதியாக்கும் அறிவிப்பை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 1960 மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு பிறந்தது. ஆலையிலும் சாலிலும் வாழ்ந்த மராத்தியத் தொழிலாளரின் தியாகமே அந்நகரை மாநிலத்துக்கு ஈட்டித் தந்தது.

மாநிலம் கிடைத்தது, வேலையும் வீடும் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தின்மேல் 1966 சூன் 19ஆம் நாள் பால் தாக்கரே சிவசேனையைத் தோற்றுவித்தார். அவரது 'மார்மிக்' இதழ், நிறுவனங்களில் உயர்பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டது. வேட்டியும் இட்டலியும் ஏளனப் பொருளாயின; உடுப்பி உணவுவிடுதிகள் தாக்கப்பட்டன. எழுத்தர் வேலையில் அமர்ந்த மாதுங்காத் தமிழர்மேல் எழுந்த சினம், அவ்வேலையைக் கனவிலும் காணாத தாராவித் தமிழர்மேலும் பாய்ந்தது.

1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் 900 பேர் மாண்டனர் எனச் சிரீகிருட்டிணா ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது. 1993 மார்ச் 12ஆம் நாள் தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் உயிரிழந்தனர். இசுலாமியர் பலர் கலப்புக் குடியிருப்புகளை விட்டு மும்பரா போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். கலவரத்தின் கொடுமையை நேரில் கண்ட தாராவியிலேயே இரு சமயத்தாரும் சேர்ந்து தெருவளவில் அமைதிக் குழுக்களை அமைத்தமையும் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தியாகும். 2008இல் வடநாட்டு வாடகைக்கார் ஓட்டிகளும் வேலைதேடி வந்த இளைஞரும் தாக்கப்பட்டனர்.

குசராத்தியர், தென்னிந்தியர், இசுலாமியர், வடநாட்டார் என அயலாரின் பெயர் காலந்தோறும் மாறியது. இடம் குறைவு, ஆகவே யாரேனும் ஒருவர் வெளியேற வேண்டும் என்னும் வாதம் மட்டும் மாறவில்லை.

நடைபாதையின் விலை

அவ்வாதத்தின் வெறுமையை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1981 சூலையில், கடும் மழைக்காலத்தில், மாநில அரசு நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்ப ஆணையிட்டது. இதனை எதிர்த்து இதழாளர் ஓல்கா டெல்லிசும் பிறரும் உச்சநீதிமன்றம் சென்றனர். நடைபாதையில் வாழ்ந்த இருவரும் வழக்காடினர். அவர்தம் வரலாறு தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது.

ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்தவர். தகிசரில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி பெற்றார். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் நெகிழித்தாளும் கித்தானும் கொண்டு மறைத்த ஓரிடத்துக்காக ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். அங்கு மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் வாழ்ந்தார். 1981 சூலை 23ஆம் நாள் அவர் குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றப்பட்டார். குடும்பத்தை அங்கு விட்டுவிட்டு வேலைக்காக மீண்டும் பம்பாய் வந்து, மீண்டும் நடைபாதையில் ஓர் இடம் பிடித்தார்.

மற்றவர் அகமதுநகர் மாவட்டத்துச் சங்கம்னேரிலிருந்து 1969இல் வந்தவர். ஊரில் செருப்புத் தைத்தவர். துளசிவாடி நடைபாதையில் இடம் பெற வட்டார முரடன் ஒருவனுக்கு 300 ரூபாய் கொடுத்தார். மூங்கிலுக்கும் நெகிழித்தாளுக்கும் மேலும் 700 ரூபாய் செலவிட்டார்.

ஒருவர் தமிழர், மற்றவர் மகாராட்டிரர். ஒருவர் அயலார் எனப்பட்டவர். மற்றவர் மண்ணின் மைந்தர். நடைபாதை இருவரிடமும் விலை கேட்டது. நகராட்சியின் வண்டியும் இருவரையும் தேடி வந்தது. சேலத்துத் தொழிலாளி கொடுத்த தொகை அவருடைய நூறு நாள் கூலிக்கும் மேற்பட்டது. மாநகரில் இலவசமாக வாழ்வோர் எனப் பழிக்கப்படுவோர் உண்மையில் எத்துணை விலை கொடுக்கின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1985 சூலை 10ஆம் நாள் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்றது. அத்தீர்ப்பே, நடைபாதையில் குடியிருக்க எவர்க்கும் உரிமை இல்லை என்றும், முன்னறிவிப்புத் தந்து மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றும் கூறியது. பிழைக்க உரிமை உண்டு. தங்க உரிமை இல்லை. மும்பையின் முந்நூறாண்டு வரலாற்றை அத்தீர்ப்பு தன்னையறியாமலே சுருக்கிக் கூறிவிட்டது.

ஆலை நிலமும் அகலும் மாநகரும்

1982 சனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது முறையாக முடிவுறவே இல்லை; ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தறிகள் நின்றபின் ஆலைகளின் மதிப்பு அவை நின்ற நிலத்தில் இருந்தது. 1991ஆம் ஆண்டின் விதிப்படி, ஆலை நிலத்தில் ஒரு பங்கு நகராட்சிக்கும் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் ஒரு பங்கு உரிமையாளர்க்கும் உரியதாயிருந்தது. 2001இல் செய்யப்பட்ட திருத்தம், கட்டடமற்ற வெற்றிடத்தை மட்டுமே பங்கிடலாம் எனச் சுருக்கியது. 2006இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. புகைபோக்கிகள் நின்ற இடத்தில் வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. அவற்றின் காவலாளிகளும் பணிப்பெண்களும் அங்கு வாழ இயலாதவர்கள்.

விலை உயர உயர மக்கள் வடக்கேயும் கிழக்கேயும் தள்ளப்பட்டனர். 1970இல் நவிமும்பையை உருவாக்க அரசு கழகம் ஒன்றை நிறுவியது. டோம்பிவிலி, கல்யாண், வசாய், விரார், பன்வேல் என மாநகர்ப் பகுதி விரிந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் மாதுங்காவிலிருந்து செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, நெருள் எனப் பெயர்ந்தன. 2001க்கும் 2011க்கும் இடையே பழைய தீவு நகரின் மக்கள்தொகை 33 இலட்சத்திலிருந்து 31 இலட்சமாகக் குறைந்தது. அண்டைத் தானே மாவட்டமோ ஒரு கோடியைக் கடந்து நாட்டிலேயே பெரிய மாவட்டமாயிற்று. தொலைவையும் மக்கள் தம் உடலால் ஈடுசெய்தனர். கொரோனாப் பெருந்தொற்றுக்கு முன் புறநகர் வண்டிகளில் நாள்தோறும் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயணம் செய்தனர். வாடகையில் மிஞ்சிய பணத்தைக் காலத்தால் செலுத்துவதே அவர்கள் கண்ட வழி.

2011 கணக்கெடுப்பின்படி பெருமும்பையின் 1 கோடியே 24 இலட்சம் மக்களுள் பத்தில் நால்வர்க்கும் சற்று மிகுதியானோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டம், தனியார் கட்டுநர் வழியாக 225 சதுர அடி வீட்டை இலவசமாக அளித்தது. பின்னர் அப்பரப்பு உயர்த்தப்பட்டது. குறிப்பிட்ட நாளுக்குமுன் அங்கு வாழ்ந்தமைக்கான சான்று இருந்தால் உரிமையாளர், இன்றேல் ஆக்கிரமிப்பாளர். தாராவிச் சீரமைப்புக்கான ஒப்பந்தம் 2023இல் அதானி குழுமத்துக்கு அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியில் வீடு என்றும், ஏனையோர்க்கு வெளியே வேறிடம் என்றும் அத்திட்டம் பகுக்கிறது. மேல்தளத்தில் தைப்பவரும் கீழ்த்தளத்தில் வாழ்பவரும் ஒரே பிழைப்பின் இரு கைகளாதலின், இப்பகுப்பே அங்கு இன்றைய வழக்காகியுள்ளது.

நிறைவுரை

மும்பையின் பன்மையைப் புகழ்வோர் அதனை அந்நகரின் இயல்பான பெருந்தன்மை எனக் கொள்வர். வரலாறு வேறு கூறுகிறது. வெவ்வேறு மக்கள் அருகருகே வாழ்ந்தது, அவர்களுக்கு வேறு இடம் இல்லாமையால். அந்த நெருக்கத்திலேயே, ஒரே தாழ்வாரத்தில் தண்ணீருக்கு நின்றும், ஒரே வண்டியில் தொங்கிச் சென்றும், பிறர் மொழியில் நான்கு சொல் கற்றும், ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும் பண்பை மக்கள் தாமே வளர்த்தனர். அரசோ வணிகமோ அளித்த கொடை அன்று அது. சாலும் சந்தும் கலைந்து, விலைக்கேற்பவும் பெயருக்கேற்பவும் மக்கள் தனித்தனி அடுக்குகளிற் பிரிக்கப்படின், அப்பண்பு எங்கு வளரும் என்பதே இன்றைய வினா.

பத்துப் பவுண்டுக்குக் குத்தகை விடப்பட்ட தீவுகளை விலைமதிப்பற்ற மாநகராக்கியவர், அங்குத் தங்க இடமின்றி வந்த மக்களே. அவர்தம் கைகளுக்கு வேலை உண்டு என்று சொல்லும் ஒரு நகரம், அவர்தம் தலைக்கும் ஓர் இடம் உண்டு என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளது.